அயலை அறியும் கல்வி: இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் சுற்றாடற் கல்வியின் வரலாறு

கொழும்பு மாநகரின் வடகீழ்ப் பக்கத்தில் ஒருகொடவத்தை என்னும் இடம் உளது. பேஸ்லைன் வீதி வழியே களனி கங்கையை நோக்கிச் செல்வோர் அவ்விடத்தைக் கடந்தே செல்வர். அங்கிருந்து அம்பத்தளை நோக்கி ஒரு வீதி பிரிகின்றது. கொழும்பு மக்கள் பருகும் நீரின் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து எடுக்கப்பட்டு அம்பத்தளையிலேயே சுத்திகரிக்கப்படுகின்றது. ஒருகொடவத்தையில் துறைமுகத்துக் கொள்கலன்கள் நிறுத்தப்படும் முற்றங்கள் உள. அதற்கப்பாற் கொலன்னாவையின் எண்ணெய்க் குதங்கள் உள. இவற்றினிடையே கால்வாய்களும், தாழ்நிலக் குடியிருப்புகளும், மண்ணிட்டு நிரப்பப்படாது எஞ்சிய சதுப்பு நிலங்களும் காணப்படுகின்றன. சிறிது தூரத்தில் மீதொட்டமுல்லை உளது. அப்பெயர் 2017 ஆம் ஆண்டு தொடக்கம் நாடு முழுவதும் அறிந்த பெயராயிற்று.

இத்தகைய ஓரிடத்திற் பிறந்து வளரும் மாணவன் ஒருவன், தன்னைச் சூழ்ந்துள்ள நீரையும் நிலத்தையும் காற்றையும் கழிவையும் முறையாகக் கற்க விரும்பின், இன்று அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் அதற்கு வாய்ப்புண்டு. சுற்றாடல் விஞ்ஞானம் என்ற பெயரிலேயே பட்டப்படிப்புகள் உள. போதனைக் கட்டணமின்றி அவற்றைக் கற்கலாம். ஆயினும் இவ்வாய்ப்பு ஒரு நாளில் வந்ததன்று. அதன் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் காலத்து வரலாறு இருக்கின்றது. அவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. இலங்கையிலே சுற்றாடல் பற்றிய அறிவு பெரும்பாலும் ஓர் அழிவின் பின்னரே வளர்ந்தது. வளர்ந்த அறிவும் அயலிலுள்ள இடத்தைவிடச் சேய்மையிலுள்ள காட்டையும் மலையையுமே பெரிதும் நாடியது. இவ்விரு குறைகளும் எவ்வாறு ஏற்பட்டன, எவ்வளவு தூரம் நீங்கின என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேராதனைப் பூங்காவும் கோப்பியின் வீழ்ச்சியும்

பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முன்னரே இலங்கையில் இயற்கையை ஆராயும் நிலையம் ஒன்று இருந்தது. 1821 ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மூன் என்பவரின் பொறுப்பிலே பேராதனையில் அரச தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்டது. மூன் 1824 இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்தோருள் துவெயிற்சு என்பவர் 1849 தொடக்கம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்பூங்காவை நடத்தி, இந்நாட்டுத் தாவரங்களை முறைப்படி வகுத்தெழுதினார். அதன்பின் திரைமன் என்பவர் பல பாகங்கள் கொண்ட கைந்நூலை எழுதத் தொடங்கினார். அதன் முதற்பாகம் 1893 இல் வெளிவந்தது. இவர்கள் யாவரும் செடிகளுக்குப் பெயரிட்டனர், இனம் பிரித்தனர். செடிக்கும் மண்ணுக்கும், மண்ணுக்கும் மழைக்கும், இவை யாவற்றிற்கும் மனிதன் செய்யும் தொழிலுக்குமுள்ள தொடர்பு அக்காலத்திற் பெரிதாக ஆராயப்படவில்லை.

அத்தொடர்பை முதன்முதலில் உணர்த்தியது ஒரு நோயாகும். மலைநாட்டுக் காடுகளை அழித்து ஆங்கிலேயர் கோப்பி பயிரிட்டனர். 1869 ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சட் பொடி போன்ற பூஞ்சணம் தோன்றிற்று. முதலில் அதனைத் தோட்ட முதலாளிகள் பொருட்படுத்தவில்லை. நோய் தோட்டத்திலிருந்து தோட்டத்திற்குப் பரவியபின்னரே அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1880 இல் மார்ஷல் வோட் என்னும் இளம் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்டார். அவர் இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, நோயைப் பரப்பும் நுண்வித்துகள் காற்றாற் கொண்டு செல்லப்படுவதைக் காட்டினார். இடையிலே காடு எதுவும் இல்லாது மலைச்சாரல் முழுவதும் ஒரே பயிரை நட்டமையே நோய் தங்குதடையின்றிப் பரவுவதற்கு ஏதுவாயிற்று என்பதும் அவருடைய ஆய்வினாற் தெளிவாயிற்று. ஆனால் அதற்குள்ளே கோப்பித் தொழில் காக்கக்கூடிய நிலையைக் கடந்துவிட்டது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

கோப்பியின் வீழ்ச்சியாற் துன்புற்றோர் முதலாளிகள் மாத்திரம் அல்லர். தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்து அத்தோட்டங்களில் உழைத்த தொழிலாளர் வேலையிழந்தனர். இலையில் ஏற்பட்ட புள்ளி ஒன்று பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வை மாற்றியது. சுற்றாடற் கல்வியின் அடிப்படை உண்மை இதுவே. அதனை இந்நாடு நூலிலிருந்தன்றி நட்டத்திலிருந்தே கற்றது.

அழிவுக்கு முன்னர் அறிவு பயன்பட்ட நிகழ்ச்சி ஒன்றும் அக்காலத்தில் உண்டு. 1873 இல் சேர் யோசேப்பு ஹூக்கர், மலைநாட்டிலே 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாது என ஆலோசனை கூறினார். மழையையும் ஆறுகளின் ஊற்றுகளையும் கருதியே அவர் அவ்வாறு கூறினார். அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைச் சாரற் காடுகளும் இன்று எஞ்சி நிற்பதற்கு அவ்வாலோசனை ஒரு முக்கிய காரணமாகும். களனி கங்கை அம்மலைச் சாரல்களிலேயே உற்பத்தியாகின்றது. ஆதலால் ஒருகொடவத்தை மக்கள் பருகும் நீருக்கும் 1873 ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஆலோசனைக்கும் தொடர்புண்டு என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1921 ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

1921 ஆம் ஆண்டு இவ்வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு தொடக்கத்திலே கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்குத் தோற்றினர். ஆகவே அங்கு எதனைக் கற்பிப்பது என்பதை இலண்டன் பாடத்திட்டமே தீர்மானித்தது. தாவரவியலும் விலங்கியலும் இரசாயனமும் நன்கு கற்பிக்கப்பட்டன. ஆனால் பரீட்சைக்கு வேண்டிய செடியே பாடமாயிற்று. கல்லூரி வாயிலுக்கு வெளியேயுள்ள கால்வாய் பாடமாகவில்லை.

அதே ஆண்டிலே பட்டிரிக்கு கெடிசு என்னும் அறிஞர் கொழும்பு நகர் பற்றிய பூர்வாங்க அறிக்கையை எழுதினார். அவர் ஸ்கொத்லாந்திலே தாவரவியற் பேராசிரியராக இருந்தவர். அக்காலத்திற் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகவியல் கற்பித்தவர். அதற்கு முன்னர் சென்னை மாகாணத்தின் நகரங்கள் பலவற்றையும் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதியவர். ஒரு நகரைத் தனியே பார்த்தல் போதாது. அது நிற்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கை மலையுச்சி தொடக்கம் கடற்கரை வரை ஒன்றாகப் பார்த்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. மலையில் வாழும் சுரங்கத் தொழிலாளனும், சரிவில் வாழும் இடையனும், சமவெளியில் வாழும் உழவனும், கரையில் வாழும் மீனவனும் ஒரே பள்ளத்தாக்கின் மக்கள் என்பதை அவர் படம் வரைந்து விளக்கினார். கொழும்பைக் கிழக்குலகின் பூங்கா நகராக ஆக்கலாம் என்பது அவர் எண்ணம்.

இவ்விடத்திலே தமிழ் மாணவனுக்குத் திணைப் பாகுபாடு நினைவுக்கு வருதல் இயல்பு. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் விலங்கும் தொழிலும் உணவும் கருப்பொருள். மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்துள்ளது. அது செய்யுளுக்குரிய இலக்கணமேயன்றி விஞ்ஞானமன்று. எனினும் மனிதனை அவன் வாழும் நிலத்திலிருந்து பிரித்துக் கூறலாகாது என்ற நோக்கு அதன்கண் உண்டு.

கெடிசின் முறையும் பல்கலைக்கழகக் கல்லூரியின் பாடத்திட்டமும் ஒரே நகரில் ஒரே ஆண்டில் தோன்றின. அவை ஒன்றுசேர்ந்திருப்பின் இலங்கையின் உயர்கல்வி வேறு வழியிற் சென்றிருத்தல் கூடும். அவ்வாறு நிகழவில்லை. நகரைத் திட்டமிடுவோர் ஒருபுறமும், இயற்கையைக் கற்போர் மறுபுறமுமாகப் பிரிந்தே நின்றனர்.

வெள்ளமும் காய்ச்சலும்

களனி கங்கை கொழும்பு மக்களுக்கு நீரும் தந்தது, வெள்ளமும் தந்தது. 1924 இல் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆற்றின் இரு கரையிலும் அணைகள் எழுந்தன. கிராண்ட்பாஸ் பகுதியில் நாகலகம் வீதியருகே ஆற்றின் நீர்மட்டம் அளக்கப்பட்டது. மழை கடுமையான நாட்களில் அவ்வளவையே இன்றும் கொழும்பு மக்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எதிர்பார்த்திருப்பர். அணை நகரைப் பெருமளவு காத்தது. ஆயினும் தாழ்நிலங்கள் முழுவதும் அப்பாதுகாப்பைப் பெறவில்லை. 1947 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே பெருவெள்ளம் ஏற்பட்டது. 1989 இலும் 2016 மே மாதத்திலும் மீண்டும் வெள்ளம் வந்தது. கொலன்னாவை, வெல்லம்பிட்டி முதலிய இடங்கள் 2016 இற் பல நாட்கள் நீரில் நின்றன.

நீர் மிகுந்து வருவது மாத்திரமன்று, குறைந்து நிற்பதும் கேட்டுக்கு ஏதுவாகும் என்பதை 1934, 1935 ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாக் காய்ச்சல் காட்டிற்று. மழை பொய்த்தமையால் ஆறுகள் ஓட்டம் குன்றின. ஆற்றுப் படுகையிலே தெளிந்த நீர்க் குட்டைகள் தோன்றின. அக்குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. வழக்கமாக அந்நோய் காணப்படாத ஈரவலய மக்கள் அதனை எதிர்க்கும் வன்மை இன்றியிருந்தனர். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வானிலை, ஆறு, பூச்சி, வறுமை ஆகிய நான்கும் சேர்ந்து விளைத்த பேரழிவு அது. வைத்தியத்தைக் கற்றோர் நோயை அறிந்தனர். விலங்கியலைக் கற்றோர் நுளம்பை அறிந்தனர். பொறியியலைக் கற்றோர் ஆற்றை அறிந்தனர். இவை யாவற்றையும் ஒருசேர அறிவதற்கு ஒரு துறை இருக்கவில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகம்

1942 ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் உபவேந்தராயினார். 1945 இல் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த உயர்கல்வியின் வாயில் மெல்ல மெல்ல ஏனையோர்க்கும் திறந்தது. சுற்றாடற் கல்வியின் வரலாற்றில் இதனை முக்கிய நிகழ்ச்சியாகக் கொள்ளல் வேண்டும். ஏனெனில் வெள்ளம் புகும் வீட்டிலிருந்து வருபவன் வெள்ளத்தைப் பற்றிக் கேட்கும் வினாவும், மாடி வீட்டிலிருந்து வருபவன் கேட்கும் வினாவும் ஒன்றாக இரா.

அப்பல்கலைக்கழகத்திலே இத்துறைக்கு வழிகோலியவை இரண்டு பாடங்களாகும். ஒன்று புவியியல். அத்துறையை அதன் தொடக்க காலத்திலே தலைமை வகித்து வளர்த்தவர் பேராசிரியர் கா. குலரத்தினம் ஆவர். அவர் புவிச்சரிதத்திலும் வல்லவர். எல்சி குக் எழுதிய இலங்கைப் புவியியல் நூலை அவர் திருத்தி விரிவாக்கினார். அது 1951 இல் வெளிவந்தது. நிலம், காலநிலை, பயிர், மக்கள் என்பவற்றைத் தொடர்புபடுத்திக் கற்கும் முறையை ஒரு தலைமுறை ஆசிரியர்கள் அவ்வழியிற் பெற்றனர். மற்றையது தாவரவியல். பேராசிரியர் பி. ஏ. அபேவிக்கிரம 1959 இல் இலங்கைப் பூக்குந் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டார். தாவரத்தைத் தனியே நோக்காது, அது வளரும் சூழலோடு நோக்கும் சூழலியல் பல்கலைக்கழகப் பாடத்திலே இடம் பெற்றது.

மண்ணரிப்பும் அக்காலத்திற் கவனத்தை ஈர்த்தது. மலைச்சரிவுகளிற் களையகற்றிய தேயிலை நிலங்களிலிருந்து மேல்மண் மழையோடு சென்று ஆறுகளை நிரப்பிற்று. 1931 இலே ஒரு குழு இதனை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. ஆனால் மண்பாதுகாப்புச் சட்டம் 1951 இலேயே நிறைவேறிற்று. அறிவதற்கும் செய்வதற்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்தன.

மொழியையும் இவ்விடத்தே குறிப்பிடல் வேண்டும். 1950 களிலும் 1960 களிலும் அரசகரும மொழித் திணைக்களம் பல்வேறு விஞ்ஞானத் துறைகளுக்குத் தமிழ்க் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டது. அம்முயற்சியின் பயனாகப் பாடசாலைகளிலே உயர்தர வகுப்பு வரையும் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க முடிந்தது. தமிழகத்தார் சுற்றுச்சூழல் என்பதனை இலங்கையார் சுற்றாடல் என்பர். சொல் வேறாயினும் பொருள் ஒன்றே. பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்களிலோ ஆங்கிலமே போதனா மொழியாக நிலைத்தது. இதன் விளைவு பின்னர் நோக்கப்படும்.

சிங்கராசாவும் சட்டமும்

1972 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே ஸ்டொக்ஹோமில் மனிதச் சுற்றாடல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு கூடியது. 1977 இல் திபிலிசி நகரிலே சுற்றாடற் கல்வி பற்றிய மாநாடு நடைபெற்றது. சுற்றாடல் ஒரு தனிப்பாடம் மாத்திரமன்று, எல்லாப் பாடங்களையும் இணைக்கும் நோக்கு என்று அங்கு கூறப்பட்டது.

அக்காலத்திலேயே இலங்கையிற் சிங்கராசா வனம் பற்றிய வாதம் எழுந்தது. ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக அவ்வனத்தில் மரம் தறிக்கப்பட்டது. விஞ்ஞானிகளும் பொதுமக்களும் எதிர்த்தனர். 1970 களின் இறுதியில் மரம் தறித்தல் நிறுத்தப்பட்டது. 1988 இலே சிங்கராசா உலக மரபுரிமை இடமாயிற்று. பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளரான நிமால் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோர் அவ்வனத்தைப் பல்லாண்டு காலம் ஆராய்ந்தனர். 1993 இலே 25 ஹெக்டேயர் பரப்பு அளந்து ஒதுக்கப்பட்டு, அதிலுள்ள மரங்கள் ஒவ்வொன்றாக இலக்கமிட்டு எண்ணப்பட்டன. பொறுமையோடு ஓரிடத்திலே நின்று ஆண்டுதோறும் அளந்து பார்த்தல் என்னும் நெறிக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சுற்றாடலைப் பாதுகாத்தல் அரசின் கடமை என்றும், இயற்கையைப் பேணுதல் ஒவ்வொருவரின் கடமை என்றும் கூறிற்று. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை 1981 இல் நிறுவப்பட்டது. 1988 இல் அச்சட்டம் திருத்தப்பட்டுப் பெருந்திட்டங்கள் தொடங்குமுன் அவற்றாற் சுற்றாடலுக்கு ஏற்படும் தாக்கத்தை மதிப்பிடல் கட்டாயமாயிற்று. அம்மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துரைப்பதற்கு 30 நாள் தவணையும் உண்டு. அழிவின் பின்னன்றி முன்னரே அறிதல் வேண்டும் என்ற கொள்கை இவ்வாறு சட்டமாயிற்று.

சட்டம் வந்தபின்னர் அதனை நடத்த வல்லார் தேவைப்பட்டனர். நீரைச் சோதிப்பவர், மண்ணை அளப்பவர், மக்களிடம் கேட்டெழுதுபவர், அறிக்கை எழுதுபவர், எழுதியதைச் சரிபார்ப்பவர் எனப் பலர் வேண்டப்பட்டனர். தனித்தனித் துறையிற் பட்டம் பெற்றோர் இவ்வேலைக்கு முற்றிலும் போதியவராய் இருக்கவில்லை. இத்தேவையே சுற்றாடல் விஞ்ஞானப் பட்டப்படிப்புகள் தோன்றியமைக்கு முக்கிய காரணமாகும்.

அயல்நாட்டிலும் சட்டமே கல்விக்கு வழிகாட்டியது. 1991 இல் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கிலே இந்திய உயர் நீதிமன்றம் பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் சுற்றாடற் கல்வியைப் புகுத்துமாறு பணித்தது. பின்னர் அந்நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு, எத்துறையிற் பயிலும் இளநிலை மாணவரும் கற்கவேண்டிய ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தது. தமிழகக் கல்லூரிகளில் இலக்கியம் பயில்வோரும் வணிகம் பயில்வோரும் அதனைக் கற்றுத் தேறல் வேண்டும். எல்லோர்க்கும் பொதுவாகக் கற்பிப்பதில் பயன் உண்டு; மேலோட்டமாகக் கற்பித்துப் பரீட்சையோடு மறந்துவிடும் இடரும் உண்டு.

பட்டப்படிப்புகள்

இலங்கையிலே ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியலுக்கும் சுற்றாடல் விஞ்ஞானத்திற்குமெனத் தனித் துறை அமைந்தது. களனிப் பல்கலைக்கழகத்திற் சுற்றாடற் பாதுகாப்பும் முகாமைத்துவமும் பற்றிய பட்டப்படிப்பும், சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் இயற்கை வளங்களையும் சேர்த்துக் கற்பிக்கும் படிப்பும் ஏற்பட்டன. பேராதனையிற் பட்டப்பின் படிப்பு நடைபெறுகின்றது. வடபகுதியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் சுற்றாடல் விஞ்ஞானத்தில் விஞ்ஞானமாணிப் பட்டத்துக்குக் கற்பித்தது. 1997 இல் நிறுவப்பட்ட அவ்வளாகம் 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. பம்பைமடுவிலே கற்கும் மாணவனுக்கு ஆய்வுகூடத்துக்கு வெளியே குளங்களும் வயல்களும் காடுகளும் அண்மையில் உள. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆறில்லை; சுண்ணக்கல்லினுள் நிற்கும் நிலத்தடி நீரே உயிர்நாடி. தோட்டங்களுக்கு இடும் உரத்தாலும் மலக்குழிகளாலும் அந்நீரில் நைத்திரேற்று மிகுவதை யாழ்ப்பாணத்து ஆய்வாளர் பல காலமாக அளந்து வந்துள்ளனர். அது அயலை அறியும் கல்விக்குத் தக்க சான்றாகும்.

இப்பட்டப்படிப்புகளுக்குப் பெரும்பாலும் உயர்தரத்தில் உயிரியற் பிரிவிற் பயின்றோரே சேர்வர். அப்பிரிவிற் பயிலும் மாணவர் பெரும்பாலோரின் முதல் ஆசை வைத்தியம். புள்ளிகள் போதாதவிடத்து வேறு படிப்பை நாடுவர். ஆகவே சுற்றாடல் விஞ்ஞானம் எஞ்சியோர்க்குரிய படிப்பு என்ற எண்ணம் பெற்றோரிடையே உண்டு. வைத்தியர் நோயுற்றவனை நோக்குகின்றார். சுற்றாடலைக் கற்றவன் நோய் தோன்றும் இடத்தை நோக்குகின்றான். 1934 ஆம் ஆண்டின் குட்டைகளை முன்னரே கண்டறிந்திருப்பின் மருந்துச்சாலைகளின் முன்னே நின்ற வரிசைகள் குறுகியிருக்கும். இதனை ஆசிரியர்கள் எடுத்துக் கூறல் கடன்.

மீதொட்டமுல்லை

இக்கல்வி வளர்ந்து சட்டமும் நிலைபெற்ற பின்னரே கொழும்பின் அயலிற் பேரழிவு நிகழ்ந்தது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள புளூமெண்டாலில் நெடுங்காலம் நகரக் குப்பை கொட்டப்பட்டது. 2009 இலே அது நிறுத்தப்பட்டது. கொழும்பு மாநகரக் குப்பை கொலன்னாவைப் பிரதேசத்து மீதொட்டமுல்லைக்குச் சென்றது. ஓரிடத்தார் விடுதலை பெற்றனர். மற்றோரிடத்தார் அச்சுமையை ஏற்றனர். குப்பை மலைபோல் உயர்ந்தது. அயலிலுள்ளோர் பல ஆண்டுகள் முறையிட்டனர், ஊர்வலம் சென்றனர். 2017 ஏப்பிரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, குப்பைமேடு சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். புத்தாண்டு உணவுக்காக ஒன்றுகூடியிருந்த குடும்பங்கள் அழிந்தன.

அச்சரிவை விளங்கிக்கொள்வதற்கு எத்தனை அறிவு வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். அடியிலிருந்தது சதுப்பு நிலத்து மென்மண். அதனை அறியப் புவிச்சரிதம் வேண்டும். மழைநீர் குப்பையுள் ஊறித் தங்கியது; அதனை அறிய நீரியல் வேண்டும். அழுகும் பொருளிலிருந்து வாயுவும் கசிவுநீரும் தோன்றின. அதற்கு இரசாயனம் வேண்டும். மேலே பாரம் நாள்தோறும் ஏறியது. அதற்குப் பொறியியல் வேண்டும். ஏழைகள் குப்பையின் அடிவாரத்தில் ஏன் வாழ்ந்தனர், ஏன் அவர்களின் முறைப்பாடு ஏறவில்லை என்பதை அறியச் சமூகவியலும் சட்டமும் வேண்டும். இவை அனைத்தும் மீதொட்டமுல்லையிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர் தூரத்திலுள்ள கொழும்புப் பல்கலைக்கழகத்திலும், ஏனைய பல்கலைக்கழகங்களிலும் தனித்தனியே கற்பிக்கப்பட்டன. நகரக் கழிவு பற்றிய ஆய்வுகளும் நடந்தன. அறிவு இல்லாமையால் அம்மக்கள் இறக்கவில்லை. அறிவு பல அறைகளிற் பிரிந்து கிடந்தமையாலும், ஆட்சி செய்வோரின் மேசையை அடைந்து கட்டளையாக மாறாமையாலுமே இறந்தனர்.

மொழியும் இதிற் சேர்ந்துள்ளது. மாணவன் பாடசாலையிற் தமிழிலோ சிங்களத்திலோ கற்கின்றான். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற் கற்கின்றான். ஆய்வையும் ஆங்கிலத்தில் எழுதுகின்றான். ஒருகொடவத்தை, கொலன்னாவைப் பகுதிகளிலே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்கின்றனர். தம் கிணற்றையும் கால்வாயையும் பற்றிய ஆய்வை அவர்கள் வாசிக்க இயலாவிடின் 30 நாள் தவணை கொடுத்தும் பயனில்லை. கலைச்சொல் ஆக்கியோர் அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.

ஒப்பு நோக்கின், சென்னையிலும் இவ்வாறே நிகழ்ந்துள்ளது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது. ஆய்வாளரும் ஊராரும் நெடுங்காலம் எடுத்துரைத்தபின் அச்சதுப்பு நிலம் 2022 இல் றாம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சேர்க்கப்பட்டது. கொழும்பு நகரம் 2018 இலே றாம்சார் ஈரநில நகரென்னும் அங்கீகாரம் பெற்றது. வெள்ளத்தை ஏற்றுத் தாங்கும் நிலங்களுள் கொலன்னாவைச் சதுப்பும் ஒன்றென்பது இன்று நன்கு அறியப்பட்டுள்ளது. பயனற்ற நிலமென்று குப்பை கொட்டப்பட்ட இடம் நகரைக் காக்கும் நிலம் என அறியப்பட்டமை கல்வியின் பயனேயாகும். அப்பயன் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களின் பின்னர் வந்தது.

முடிவுரை

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கோப்பி அழிந்தபின் நோயறிவு வந்தது. மண் சென்றபின் சட்டம் வந்தது. மக்கள் மாண்டபின் மலேரியாத் தடுப்பு விரிந்தது. குப்பைமேடு சரிந்தபின் ஈரநிலத்தின் பெருமை உணரப்பட்டது. 1873 ஆம் ஆண்டின் மலைக்காட்டு ஆலோசனையும் சிங்கராசாவின் மீட்பும் இதற்கு விலக்காக நிற்கின்றன. முன்னறிவு பயன்படக்கூடியதே என்பதற்கு அவை சாட்சி. ஆனால் அவ்விரண்டும் மனிதர் அதிகம் வாழாத காடுகள். மக்கள் நெருங்கி வாழும் தாழ்நிலத்துக்கு அத்தகைய முன்னறிவு இன்னும் போதிய அளவு கிட்டவில்லை.

அரசாங்கப் பல்கலைக்கழகம் பொதுமக்களின் பணத்தால் நடைபெறுகின்றது. குப்பைமேட்டின் அடிவாரத்தில் வாழ்ந்தவனும் தான் வாங்கிய பொருளின் விலையோடு அதற்கு வரி செலுத்தினான். ஆகவே அவனுடைய அயலை ஆராய்தல் பல்கலைக்கழகம் அவனுக்குச் செய்யும் உபகாரமன்று. திருப்பிச் செலுத்தவேண்டிய கடனாகும். சிங்கராசாவில் மரங்களுக்கு இலக்கமிட்டு ஆண்டுதோறும் அளந்ததுபோல, ஒருகொடவத்தைக் கால்வாயின் நீரையும் கொலன்னாவையின் மண்ணையும் ஆண்டுதோறும் அளந்து, அளந்ததை அங்குள்ளோரின் மொழியில் அவர்களுக்கே கூறும் மாணவர் தோன்றல் வேண்டும்.

கொழும்பின் கால்வாய்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. கொலன்னாவைச் சதுப்பின் நீரைக் கொண்டுசெல்லும் அத்தொகுதியின் வாய்களுள் ஒன்று வெள்ளவத்தையிற் கடலைச் சேர்கின்றது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கல்வி பயிலும் மாணவர் நாள்தோறும் அக்கால்வாய்ப் பாலத்தைக் கடக்கின்றனர். அந்நீர் எங்கிருந்து வருகின்றது என்று அவர்களுள் ஒருவன் கேட்பானாயின், இருநூறு ஆண்டுகளாகப் பிந்தி வந்த கல்வி அவனிடத்தே முந்தி வந்ததாகக் கொள்ளலாம்.